மாம்பால் பட்ட மோட்டார்

அம்பாசமுத்திரத்தில் மோட்டார் ஓட்டத் தெரிந்த ஒரே ஆள் தன் தம்பிதான் என்று சாரம்மாள் யாரிடமும் வலியப் போய்ச் சொன்னதில்லை. ஆனால் அவளிடம் ரவிக்கைக்கு அளவு கொடுக்க வரும் பெண்கள், திரும்பிப் போவதற்குள் எப்படியோ அதைத் தெரிந்துகொண்டுதான் போவார்கள்.

தம்பி தானியேலுக்குப் பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் படிப்பு ஏறவில்லை. தூத்துக்குடிக்குப் போய், பஞ்சு வியாபாரம் செய்த ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் மோட்டார் துடைக்கும் வேலையில் சேர்ந்தான். ஓட்டுகிற இடத்தில் உட்கார விடுவதற்கு முன்னால் வருஷக்கணக்காக அவனைத் துடைக்கத்தான் விட்டார்கள். அதனால் மோட்டாரின் மேல்பூச்சு அவனுக்குத் தன் தோல் மாதிரி. பண்ணையார் திருஞானசம்பந்தம் பிள்ளை 1912-ல் கரும்பச்சை நிறத்தில் மோட்டார் வாங்கியபோது, அதை ஓட்ட அவனைத்தான் தேடிப் பிடித்துக் கூட்டிவந்தார்கள்.

மறு வருஷம் வைகாசியில் பிள்ளையின் மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை ஊர்வலம் சாரட்டில் இல்லை, மோட்டாரில். அந்தத் தெரு அதுவரை பார்த்திராத காரியம்.

"வண்டில ஒரு பொட்டு அழுக்கு இருந்தாலும் உனக்கு இங்கன வேலை கெடையாது, பாத்துக்கோ" என்று பிள்ளை சொல்லியிருந்தார். தானியேல் தலையாட்டிவிட்டு வந்து அக்காவிடம் சிரித்தான். அழுக்கைப் பற்றி அவனிடமா!

ஊர்வலத்தன்று விடிந்ததும் சாரம்மாள் தையல் மிஷினோடு பண்ணை வீட்டுப் பின்கட்டுக்கு வந்துவிட்டாள். கல்யாணப் பெண்ணின் பட்டு ரவிக்கை பாக்கி இருந்தது. எதிரே மாமரத்து நிழலில் மோட்டார் நின்றது. வெயில் பட்டால் வார்னிஷ் வெடிக்கும் என்று தானியேல்தான் அங்கே நிறுத்தியிருந்தான். அவன் பெட்ரோல் டின் எடுக்க ரயில் நிலையத்துக்குப் போன நேரத்தில், பந்திக்கு மாங்காய் வேண்டுமென்று தோட்டக்காரன் பலவேசம் மரத்தில் ஏறிவிட்டான். சாரம்மாள் தலை நிமிர்ந்தபோது, காம்பு ஒடிந்த காயெல்லாம் எஞ்சின் மூடியின் மேல் பாலைச் சொட்டிக்கொண்டிருந்தன.

"பலவேசம்! கீழ மோட்டார் நிக்கது கண்ணு தெரியலையா?"

"ஒரு காயாவது அதுமேல விழுந்திச்சா? எல்லாத்தையும் பையிலதான் போடுதேன்" என்றான் அவன், கோபத்தோடு.

தானியேல் வருவதற்குள் வெயில் திரும்பி, சொட்டுகள் கறுத்து இறுகிவிட்டன. அவன் யாரையும் ஏசவில்லை. முதலில் ஈரத் துணியால் தூசியை ஒற்றி எடுத்தான். பழைய வேட்டியைக் கிழித்து, தேங்காயெண்ணெயில் நனைத்து, ஒவ்வொரு சொட்டின் மேலும் ஒரு துண்டைப் போட்டான்.

"நகத்தைப் போட்டா பூச்சும் சேந்து வந்துரும், எக்கா. பைய ஊறணும்."

ஊறியதைத் துணி சுற்றிய கட்டைவிரலால் உருட்டி உருட்டி எடுத்தான். ஒரு சொட்டு வர வெகுநேரம் பிடித்தது. வந்த இடத்தில் பச்சை அப்படியே இருந்தது. சாயங்காலத்துக்குள் முடித்துவிடலாம் என்று சாரம்மாளுக்கும் தைரியம் வந்தது.

கிணற்றடியில் பெண்கள் புளியும் செங்கல்பொடியும் வைத்துக் குத்துவிளக்குகளைத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மேற்பார்வை பார்க்க வந்த பிள்ளையின் மனைவி சொர்ணாம்பாள் ஆச்சி, தானியேலைப் பார்த்து நின்றாள்.

"காலையிலேருந்து பச்சைத் தண்ணிகூடக் குடிக்கலையே நீ. போய்ச் சாப்பிடு, போ."

"ஊறிக்கிட்டிருக்கு ஆச்சி. யாரும் தொடாம..."

"எவ தொடப்போறா? போன்னா போ."

அவன் அக்காவை ஒருதரம் பார்த்துவிட்டுப் போனான். அவன் தலை மறைந்ததும் ஆச்சி கிணற்றடியைப் பார்த்துக் கூப்பிட்டாள். "ஏட்டி, அந்தப் புளியையும் பொடியையும் கொண்டாங்க. பாவம், அந்தப் பய எண்ணெயைத் தடவித் தடவிச் சாகுதான்."

சாரம்மாள் ரவிக்கையைப் போட்டுவிட்டு எழுந்தாள். "வேண்டாம் ஆச்சி! தொடக்கூடாதுன்னு தம்பி சொன்னான். அது பித்தளை இல்ல."

"எண்ணெய்ச் சிக்குப் பிடிச்ச விளக்கையே பளபளன்னு ஆக்குத கைங்க இது. இந்தத் தகரம் எம்மாத்திரம்? நீ உன் தையலைப் பாரு."

வீட்டு எஜமானியின் கையைப் பிடித்து இழுக்க முடியுமா? தம்பியைக் கூப்பிட ஓடத்தான் முடிந்தது. சோற்றுக் கையோடு அவன் ஓடி வந்தபோது, தண்ணீர் ஊற்றிக் கழுவியும் முடித்திருந்தார்கள். ஈரத்தில் மூடி மினுமினுத்தது.

"பாத்தியா, ஒரு சொட்டு இல்ல!" என்றாள் ஆச்சி, சந்தோஷமாக.

ஈரம் காயக் காய வெள்ளை வெள்ளையாகக் கீறல்கள் எழும்பின. மூடி முழுக்கச் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிட்டது. ஆச்சியின் கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது. தானியேல் இடது கையால் அதைத் தடவிப் பார்த்தான். "பரவாயில்ல ஆச்சி" என்றான்.

பிள்ளை வந்து பார்த்துக் கத்தினார். "நான்தான் தேய்க்கச் சொன்னேன்" என்று ஆச்சி சொன்னாள். "நீ சொல்லுவே. வண்டி யார் பொறுப்பு?" என்று அவர் தானியேல் பக்கம் திரும்பினார். பிறகு ஒரு ஜமுக்காளத்தை மடித்து, முன்பக்கமும் மறையும்படி மூடியின் மேல் போர்த்தி, அதன் மேல் மாலை மாலையாகப் பூச்சுற்றச் சொன்னார்.

"ஐயா, அதை மூடக்கூடாது. காத்து போகலைன்னா எஞ்சின் கொதிச்சிரும்."

"பூவைப் போட்டா கொதிக்குமாலே? சாமிக்கே சாத்துதோம்!"

சாயங்காலம் ஊர்வலத்தில் மோட்டார் பிள்ளையார் கோயில் முக்கு வரைதான் போனது. பூவுக்குள்ளிருந்து புஸ்ஸென்று ஆவி கிளம்ப, மாப்பிள்ளைத் தோழன் வெளியே குதித்தான். மல்லிகை வெந்த வாசனை தெருவெல்லாம் அடித்தது. கடைசியில் இரண்டு காளைகளைப் பூட்டித்தான் மோட்டாரை இழுத்தார்கள்.

"மோட்டாரு புல்லு திங்குமாவே?" என்று சம்பந்தி வீட்டில் ஒருவர் கேட்க, மேளத்துக்கு மேல் சிரிப்பு எழுந்தது.

தானியேல் தலை குனியாமல், திருப்புகிற சக்கரத்தைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். 'வளைவுல திருப்புதது என் தம்பிதான்' என்று பக்கத்தில் நின்றவளிடம் சொல்லச் சாரம்மாள் வாயைத் திறந்தாள். காளைகளைப் பார்த்ததும் கூட்டத்துக்குப் பின்னால் நகர்ந்துகொண்டாள்.

மறுநாள் தாலி கட்டி முடிந்ததும் அவனுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். சாரம்மாள் மிஷினை எடுக்கப் போனபோது, அவன் மோட்டாரின் பின்பக்கம் குத்தவைத்து உட்கார்ந்திருந்தான். சக்கரத்தின் மேல்தகட்டில், யார் கண்ணிலும் படாமல் ஒரு சொட்டு மிஞ்சியிருந்தது. அதன் மேல் எண்ணெய்த் துணி.

"போகச் சொல்லிட்டாவளே, இன்னும் என்னலே செய்யுத?"

"ஊறட்டும், எக்கா."

அவள் பக்கத்தில் நின்றாள். துணியை எடுத்து, கட்டைவிரலால் பைய உருட்டினான். கறுப்பு உருண்டு வந்தது. அடியில் கரும்பச்சை, ஒரு கீறல் இல்லாமல். வேட்டி நுனியால் அதை ஒருதரம் துடைத்துவிட்டு எழுந்தான். எஞ்சினைக் கிளப்பும் இரும்புப் பிடியை எடுத்து, ஓட்டுகிற இடத்தில் வைத்தான். அக்காவின் தையல் மிஷினைத் தலையில் ஏற்றிக்கொண்டு, பின்வாசல் வழியாக நடந்தான்.