நானும் கவுண்டர் மிஸ்ஸும் பேசிய சிங்களம்

இன்று மகளின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிக்காகப் பிரதேச செயலகம் போனேன். நாளைக்கு அவளுக்கு அரசாங்க அலுவலகத்தில் எழுதுவினைஞர் வேலைக்கு நேர்முகத் தேர்வு. பிரதி இல்லாமல் போக முடியாது.

கவுண்டரில் ஒரு மிஸ். அந்த சீட்டில் இருந்தால் சிங்களவராகத்தான் இருப்பார் என்று நானே முடிவுசெய்து சிங்களத்தில் ஆரம்பித்தேன். என் சிங்களம் கடையில் பருப்பு வாங்கத்தான் போதும். மிஸ்ஸும் சிங்களத்திலேயே பதில் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் எனக்குப் புதிதாகக் குழந்தை பிறந்திருப்பதாக அவர் முடிவுக்கு வந்து, ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த பிறப்புத் துண்டைக் கேட்டார். பிரதி கிடைக்காது என்று நான் முடிவுக்கு வந்தேன்.

அப்போது வெளியே நின்ற மகள் உள்ளே வந்து, "என்னப்பா, குடுத்துட்டாங்களா?" என்றாள்.

மிஸ் நிமிர்ந்தார். "ஐயோ, நீங்க தமிழா? சப்பாத்து போட்டு, சேர்ட்ட உள்ள விட்டு வந்தீங்களா, தோட்டத்து ஆளுன்னு தோணலைங்க. நானும் பொகவந்தலாவை தேயிலைத் தோட்டந்தான்."

"அந்த சீட்டுல நம்ம புள்ள இருக்கும்னு எனக்கும் தோணலம்மா."

பிரதி உடனே கிடைத்தது.

பஸ்ஸில் மகள் கேட்டாள்: "எனக்கு வேலை கெடச்சு அங்க உக்காந்தா, எங்கிட்டயும் சிங்களத்துலதான் பேசுவீங்களா?"

சீட்டைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறாள்.

இதைவிட நல்ல பதில் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம்.