பின் அடித்த கடைசிப் பக்கங்கள்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் எழுதி யார் படிக்கப் போகிறார்கள்? ஆனால் நேற்று மழைக்கு ஒதுங்கிய இடம் சரியில்லை. கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் புத்தகக் கண்காட்சி. கடைக்காரர் ஒரு நாவலை என் மூக்குக்கு நேராக நீட்டினார்.

"புதுசு சார். குடும்பக் கதை. வூட்டுக்கு வாங்கிக்கினு போங்க, அழுதுடுவாங்க."

"எங்க வூட்ல அழறதுக்கு ஆளே இல்லண்ணா."

அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். அட்டையில், எனக்குப் பழைய கணக்கு ஒன்று பாக்கி இருக்கிற எழுத்தாளரம்மாவின் பெயர். உள்ளே புதுப் பசை வாசனை. அதுதான் என்னைக் கெடுத்தது.

பல வருடங்களுக்கு முன் நானும் கூட்டாளி சேகரும் வேலை பார்த்த புத்தகக் கடை இதே ஊர் பஸ் ஸ்டாண்டில், வெள்ளிமலை பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே இருந்தது. சீசனில் மலையிலிருந்து பஸ் இறங்கி வந்தால் பலாப்பழ வாசனை கடைக்குள் புகுந்துவிடும். நாவலில் எத்தனை மாமியார் செத்தாலும் பலாப்பழம்தான் மணக்கும்.

பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவர்கள் நின்றபடியே முழு நாவலையும் படித்துவிட்டு, வாங்காமல் ஏறிவிடுவார்கள். அதனால் முதலாளி ஒரு வழி வைத்திருந்தார். புத்தகக் கட்டைப் பிரித்ததும் ஒவ்வொரு நாவலிலும் கடைசிப் பக்கங்களைச் சேர்த்து ஸ்டேப்ளர் பின் அடித்துவிட வேண்டும். முடிவு தெரியணுமா, வாங்கு, வீட்டில் போய்ப் பின்னைப் பிரி. பின் அடிக்கிறவன் நான். ஒரு முடிவும் தெரியாதவனும் நான்தான்.

அமுதா ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். சாயங்காலம் நைனார்பாளையம் பஸ் வரும்வரை எங்கள் கடையில் நின்று படிப்பாள். பின் வரைக்கும் வந்துவிட்டு நிமிர்வாள்.

"முடிவு இன்னா?"

"எல்லாரும் லாரியில அடிபட்டு செத்துட்றாங்க."

"நேத்திக்கும் அதான சொன்ன."

"அது வேற லாரி."

இப்படியே ஒரு வருடத்துக்கு மேல் போயிற்று. வேறு எதுவும் பேசிக்கொண்டதில்லை. பேசித்தான் ஆக வேண்டுமா என்று நினைத்தேன். நான் அவ்வளவு புத்திசாலி.

ஒரு நாள் அவள் எந்தப் புத்தகத்தையும் தொடவில்லை.

"மாமா பையனுக்கு கேக்கறாங்க. நாளைக்கு ராத்திரி எங்கப்பாகிட்ட பதில் சொல்லணும்."

என்னையே பார்த்தாள். அந்த எழுத்தாளரம்மாவின் புது நாவல் அன்று காலையில்தான் வந்திருந்தது. அதை எடுத்து நீட்டினேன்.

"இத படி. கடைசியில அந்தப் பொண்ணு மனசுல இருக்கறத வூட்ல சொல்லிட்றா. எல்லாரும் ஒத்துக்கறாங்க."

பின்னட்டையில் ஒரு பெண், அவளுடைய கண்டிப்பான அப்பா, ஒரு கடைக்காரப் பையன் என்று நாலு வரி போட்டிருந்தது. மீதியை நானே கட்டிவிட்டேன்.

"நீ சொல்ல மாட்டியா, புஸ்தகந்தான் சொல்லணுமா?" என்றாள். ஆனாலும் முதல் தடவையாகக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் சாயங்காலம் வந்து நாவலை என் முன்னால் வைத்தாள்.

"நீ சொன்ன மாரி இல்ல. அப்பா காட்ன பையனையே கட்டிக்கிறா."

சொல்லிவிட்டு நகரவில்லை. "இன்னா, ஒண்ணும் சொல்ல மாட்டியா?" என்றாள்.

"எழுதறவங்க அப்டி எழுதிட்டாங்க. நான் இன்னா பண்றது."

பஸ் வந்தது, ஏறினாள். சன்னலோரம் இடம் கிடைத்தும் இந்தப் பக்கம் திரும்பவில்லை. அந்த நாவலைத் தொட எனக்குக் கை வரவில்லை. சேகர்தான் எடுத்து வைத்தான். அவள் சொன்ன முடிவை அவனிடம்கூட நான் சொன்னதில்லை. அடுத்த மாதமே அவளுக்குக் கல்யாணம்.

அந்த எழுத்தாளரம்மா மேல் இன்னும் கோபம் எனக்கு. ஒரே ஒரு பக்கத்தை மாற்றி எழுதியிருந்தால் அவருக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?

கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் தொங்குகிறது. நிற்கிறவர்கள் எல்லாரும் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். வெள்ளிமலை பஸ் வருகிறது, பலாப்பழமும் வருகிறது. முடிவு இன்னா என்று கேட்கத்தான் ஆளில்லை.

இதுவரை எழுதியதை, இப்போது சின்னசேலத்தில் ஆட்டோ ஓட்டும் சேகருக்கு அனுப்பினேன். பதில் வந்தது:

"டேய், அந்தப் புக்க நான்தான எடுத்து அடுக்குனேன், நீ அடிச்ச பின்னு பிரிக்காம அப்டியேதான்டா இருந்துச்சி."