நான் சொன்ன ‘இல்ல’

எனக்கு முன்கோபம் அதிகம். அன்று காலை, பெங்களூரை ஒட்டிய சந்தாபுரா வீட்டில் என் மனைவி கையிலிருந்து காபி டம்ளர் நழுவியபோதுகூட, கீழே கேப் நிற்கிறது, கவனம் எங்கே போச்சு என்றுதான் கத்தினேன். திரும்பிப் பார்த்தால் அவள் வாய் ஒரு பக்கம் கோணியிருந்தது, வலது கை தொங்கிக் கிடந்தது. அவளை ஆபீஸுக்குக் கூட்டிப்போக வந்த கேபிலேயே ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம்.

பக்கவாதம் என்றார்கள். முப்பத்துநாலு வயசு, பிபி கிடையாது, சுகர் கிடையாது. உயிர் பிழைத்தாள், பேச்சு போய்விட்டது. காரணம் தெரியாவிட்டால் மறுபடியும் வரலாம் என்று டாக்டரம்மா பயமுறுத்தினார். மறுநாள், ஓசூரிலிருந்து ஓடிவந்த மாமியாரும் கட்டிலருகே நிற்கும்போது, இவங்களுக்குக் கர்ப்பம் எப்பவாவது கலைந்திருக்கிறதா என்று கேட்டார்.

“இல்ல” என்றேன்.

பொய். மூன்று முறை கலைந்திருக்கிறது. மூன்று மாசம் தாண்டாமல் வெளியே சொல்லக்கூடாது என்பது எங்கள் இரண்டு வீட்டிலும் வழக்கம். எதுவுமே மூன்று மாசம் தாண்டவில்லை, அதனால் எதையும் யாரிடமும் சொல்லவில்லை. மாமியாரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உண்மையைச் சொல்ல எனக்குத் துப்பில்லை. பெரிய மனுஷன்!

மனைவி இடது கையால் கட்டில் கம்பியைத் தட்டினாள். எல்லோரும் திரும்பியதும் மூன்று விரலை உயர்த்திக் காட்டினாள். மாமியார் அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். எனக்குத் தலை நிமிரவில்லை.

அதற்குப் பிறகுதான் தனியாக ஒரு ரத்தப் பரிசோதனைக்கு எழுதினார்கள். ஆன்டிபாடி இருந்தது. நோயோடு சண்டை போட வேண்டியது, இவள் உடம்பில் ரத்தத்தை உறைய வைக்கிறதாம். மூளையில் அடைப்பு வந்ததற்கும், கரு தங்காததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம், சில வாரம் கழித்து மறுபடி பார்த்து உறுதி செய்யலாம் என்றார் டாக்டரம்மா. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை ஆரம்பித்தார்கள்.

மூன்றாவதும் போன அன்று, “நீ இப்படி ஆபீஸ் ஆபீஸ்னு ஓடினா எது தங்கும்?” என்று கேட்டவன் நான். அன்று அவள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபின் பேச்சு ஒவ்வொரு சொல்லாகத் திரும்பியது. தண்ணி, அம்மா, வேணாம். ஒரு மத்தியானம் மாமியார் அவளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தார், நான் எதிரே மாத்திரை பிரித்துக்கொண்டிருந்தேன். அப்போதுதான் முதல் தடவையாகக் கோர்வையாக ஒன்று சொன்னாள்.

“என்மேல தப்பு இல்ல.”

தன் அம்மாவின் பக்கம் திரும்பி, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். என்னை அவள் பார்க்கவில்லை.