அளக்காத தட்டு

அமெரிக்காவின் ஓக் பார்க்கில் இருக்கும் யூதப் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் உடல்நலப் பாடம் என்றால் பிரைனா பெர்லோதான். பல் துலக்குவது, மாதவிடாய், தூக்கம், மன அழுத்தம் எல்லாம் அவள் தலையில் விழும். வேதமும் மதச் சட்டமும் கற்றுத் தருகிற ஆசிரியைகளுக்குக் காலை வகுப்புகள். அவளுக்கு மதிய உணவுக்கு முந்தைய, எல்லோருடைய வயிறும் இரைகிற நேரம். அதைப் பற்றி அவள் குறைபட்டுக்கொண்டதில்லை.

அந்த வருடம் வசந்தகாலத்தில், பஸ்கா பண்டிகைக்குச் சில வாரங்கள் முன்பு அவளுடைய கணவர் யெகியேல் காலைப் பிரார்த்தனைக்குக் கிளம்பியவர் வாசற்கதவருகே விழுந்தார். பள்ளியில் பொம்மையின் மார்பில் செய்து காட்டுவது போலவே அவர் மார்பில் கைகளை வைத்து அழுத்தினாள். எதையும் தவறாகச் செய்யவில்லை என்று ஆம்புலன்ஸில் வந்தவர்கள் சொன்னார்கள். ஏழு நாள் துக்கத்துக்கு வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள், சாப்பாடு கொண்டுவந்தார்கள், போனார்கள். அவள் பள்ளிக்குத் திரும்பினாள். அதன் பிறகு வலி என்று சொல்ல எதுவும் இல்லை. பல் மருத்துவர் ஊசி போட்டு அனுப்பிய பின் கன்னம் இருக்குமே, அப்படி இருந்தாள். தொட்டால் தொட்டது தெரியும், அவ்வளவுதான்.

பாவமன்னிப்பு நாளான யோம் கிப்பூர் நெருங்கியது. தண்ணீர்கூட இல்லாமல் ஒரு மாலையிலிருந்து மறுநாள் இருட்டும் வரை இருக்கும் நோன்பு. அதற்கு முந்தைய வாரம் பிரைனா எப்போதும் ஒரே பாடத்தைத்தான் எடுப்பாள். நோன்புக்கு உடம்பைத் தயார் செய்வது எப்படி.

"காபியை இன்னிக்கே குறைக்க ஆரம்பிங்க. கடைசி நாள்ல ஒரேயடியா நிறுத்தினா தலைவலி மண்டையைப் பொளந்துடும்."

"எங்கப்பாகிட்ட சொல்லுங்க மிஸஸ் பெர்லோ," என்றாள் கடைசி பெஞ்சில் இருந்த ஒருத்தி. "காபி இல்லாத எங்கப்பாவைக் கடவுள் மத்தியானமே மன்னிச்சு வீட்டுக்கு அனுப்பிட்டா எங்களுக்கு நல்லது."

"வீட்டுக்கா? எங்க அம்மா கதவைத் திறக்க மாட்டாங்க!" என்றாள் அவள் பக்கத்தில் இருந்தவள். அவர்கள் அக்கா தங்கை. வகுப்பே சிரித்தது. பிரைனாவும் சிரிக்க வேண்டிய இடத்தில் உதட்டை அசைத்தாள்.

பிறகு பையிலிருந்து அந்தச் சின்ன பிளாஸ்டிக் கப்புகளை எடுத்தாள். இருமல் மருந்தோடு வருமே, ஓரத்தில் கோடு போட்டது, அது. நோன்பு இருக்க முடியாத நோயாளிகளுக்குச் சட்டத்தில் ஒரு வழி உண்டு. ஒரு பெரிய பேரீச்சம்பழத்தின் அளவுக்குக் குறைவாகச் சாப்பிட வேண்டும், சில நிமிடம் பொறுக்க வேண்டும், மறுபடி அதே அளவு. அப்படிச் சாப்பிட்டால் முழுதாக நோன்பை முறித்ததாக ஆகாது. சர்க்கரை நோய் உள்ள தாத்தாக்களுக்கும் பிள்ளை பெற்ற அக்காக்களுக்கும் வீட்டில் யாராவது அளந்து தர வேண்டியிருக்கும் என்று வருடா வருடம் தேன் கேக்கை உதிர்த்துக் கப்பில் போட்டு அவள் காட்டுவாள். பெண்களுக்கு இந்தப் பாடம் பிடிக்கும். கடைசியில் கேக் கிடைக்கும்.

இரண்டாம் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த தெமீமா ஃபோகல் கையைத் தூக்கினாள்.

"அழுத்தி நிரப்பணுமா, தளர்வாவா?"

"தளர்வா."

"கோடு வரைக்கும் போகலாமா, கோட்டுக்குக் கீழயேவா?"

"கீழயே இருந்தா இன்னும் நல்லது," என்றாள் பிரைனா.

தெமீமா எழுதிக்கொண்டாள். கேக் தட்டு அவளிடம் வந்தபோது அடுத்தவளுக்குத் தள்ளிவிட்டாள்.

தெமீமா கோடைக்காலம் முழுவதும் வேறு மாநிலத்தில் ஒரு மருத்துவமனையில் இருந்தாள். சாப்பிட மறுக்கிற நோய். இந்த மாதம்தான் திரும்பி வந்திருந்தாள். எடை கொஞ்சம் இறங்கினாலும் திரும்ப அங்கேதான் என்று மருத்துவர் சொல்லி அனுப்பியிருந்தது ஆசிரியைகள் எல்லோருக்கும் தெரியும். யோம் கிப்பூரன்று அவள் சாப்பிட்டே ஆக வேண்டும் என்று அவர்களுடைய மதகுரு ரபி ஹொக்மன் தீர்ப்புச் சொல்லியிருந்ததும் தெரியும். பிரைனாவுக்கும் தெரியும்.

மணி அடித்தது. அந்த நாட்களில் எல்லோரும் எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு திரிவார்கள். தாழ்வாரத்தில் இடித்தவளும் இடிபடாதவளும் நின்று நின்று கேட்பார்கள். தெமீமாவும் மேசையருகே வந்து நின்றாள்.

"மிஸஸ் பெர்லோ, இந்த வருஷம் நான் ஏதாவது தப்பா நடந்திருந்தா மன்னிச்சிடுங்க."

"மன்னிச்சேன். நீயும் என்னை மன்னிச்சிடு."

"மன்னிச்சேன்." போகாமல் நின்றாள். "அந்தக் கப்பு எனக்குக் கொஞ்சம் கிடைக்குமா?"

பிரைனா மிச்சம் இருந்த கட்டை அப்படியே கொடுத்தாள். தெமீமாவின் முகம் மலர்ந்தது. ஜன்னலுக்கு வெளியே மழை விட்டதைப் பார்ப்பது போல பிரைனா அதைப் பார்த்தாள்.

ஆசிரியைகள் அறையில் உடற்பயிற்சி டீச்சர் மிஸஸ் கானர் சாலட் டப்பாவோடு உட்கார்ந்திருந்தாள். பிரைனா தன் சாண்ட்விச்சை வெளியே எடுத்து, பார்த்து, மறுபடி அதன் காகிதப் பைக்குள் வைத்துக் குப்பைத் தொட்டியில் போட்டாள்.

"அடி ஆத்தாடி, குப்பைத் தொட்டி என்னைவிட நல்லா சாப்பிடுது," என்றாள் கானர். "தினமும் டூனா மீன்! அதுக்கு நல்ல யோகம்."

"காலைல நிறைய சாப்பிட்டுட்டேன்."

"பொய் சொல்றதா இருந்தா யோம் கிப்பூருக்கு முன்னாடியே சொல்லி முடிச்சிடு." கானர் ஃபோர்க்கை நீட்டினாள். "நல்ல சேதி ஒண்ணு கேளு. அந்த ஃபோகல் பொண்ணு இன்னிக்குச் சாப்பிடறா. லஞ்ச் ரூம்ல பாத்தேன். என்னமோ குட்டிக் கப்புல தயிரை ஊத்தி, கடியாரத்தைப் பாத்துப் பாத்து, ஒரே சந்தோஷம் மூஞ்சில. சொப்பு வெச்சு விளையாடற மாதிரி."

பிரைனா கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அடுப்பை அணைக்காமல் வெளியே வந்துவிட்டது நடுத்தெருவில் நினைவுக்கு வருமே, அப்படித்தான் அது வந்தது. பயமாக வரவில்லை, தகவலாக வந்தது. வீட்டில் எதையும் அளக்கக் கூடாது, எடை போடக் கூடாது, எண்ணக் கூடாது என்பதுதான் அந்தப் பெண்ணின் வைத்தியமே. அவளுடைய நோய் அளவுதான். அந்த நோய்க்குக் கோடு போட்ட கப்பையும் கொடுத்து, கோட்டுக்குக் கீழே இருந்தால் கடவுளுக்குப் பிடிக்கும் என்று பாடமும் நடத்திவிட்டு வந்திருந்தாள். தாத்தாக்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் சரியான பாடம். அந்த ஒருத்திக்கு மட்டும் விஷம்.

பள்ளி முடிந்ததும் தெமீமாவின் அம்மாவை அழைத்தாள்.

"அந்தக் கப்பை வாங்கி வெச்சிடுங்க, மிஸஸ் ஃபோகல்."

"ஐயோ, ஏன்? தீர்ப்பு சொன்ன நாள்லேர்ந்து சாப்பிட மாட்டேன்னு அழுதுட்டே இருந்தா. இன்னிக்குத்தான் சரிம்மான்னா. தானே மேசையில எடுத்து அடுக்கி வெச்சிருக்கா. ஒரு பொண்ணு சாப்பிட ஒத்துக்கறா, அதைக் கெடுக்கச் சொல்றீங்களா?"

"அவ சாப்பிட ஒத்துக்கல. அளக்க ஒத்துக்கிட்டா."

"இப்ப நான் என்ன பண்ணணும்?" என்றாள் அம்மா, சின்னக் குரலில்.

பிரைனா ரபி ஹொக்மனை அழைத்தாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். நோயாளி என்றால் அளவு கப்புதான் என்று ஊரே நினைப்பது போல ஃபோகல் வீட்டிலும் நினைத்திருப்பார்கள், எப்படிச் சாப்பிட வேண்டும் என்று தாமும் விளக்கவில்லை என்றார்.

"டாக்டர் அளக்கவே கூடாதுன்னாங்களா?"

"எதையுமே."

"அப்ப கப்பு கிடையாது. தட்டு. நாம சாதாரணமா ஒரு ஞாயித்துக்கிழமை எப்படிச் சாப்பிடறோமோ அப்படி. நானே அந்தப் பொண்ணுகிட்ட பேசறேன். ஆனா சொன்னா மட்டும் போதாது. அவ அம்மா பக்கத்துல உக்காந்து அழுதா அந்தக் குழந்தை எப்படிச் சாப்பிடும்? நீ போம்மா."

"நான் போறேன்."

"நீ எப்படி இருக்கே?"

"நல்லா இருக்கேன். கடவுள் புண்ணியம்."

யோம் கிப்பூரன்று காலைப் பிரார்த்தனை முடிந்ததும் பிரைனா வெள்ளை உடையில், தோல் செருப்பு கூடாத நாள் என்பதால் துணிச் செருப்போடு ஃபோகல் வீட்டுக்கு நடந்தாள். மேப்பிள் இலைகள் தெருவெல்லாம் கிடந்தன. நாக்கு வறண்டிருந்தது. பசி இல்லை. பசி என்ற ஒன்று வசந்தத்திலிருந்தே வரவில்லை.

அம்மா கதவைத் திறந்தாள். கண் வீங்கியிருந்தது. "ரபி சொன்னதுக்குத் தலையாட்டினா. காலைலேர்ந்து தட்டைத் தொடல," என்று கிசுகிசுத்துவிட்டு மாடிக்குப் போனாள்.

சமையலறையில் தெமீமா உட்கார்ந்திருந்தாள். முன்னால் ஒரு தட்டு: ரொட்டி, வெண்ணெய், அவித்த முட்டை, நூடுல்ஸில் சுட்ட பணியாரம் ஒரு துண்டு. தட்டுக்குப் பக்கத்தில் கப்புகள் கோபுரமாக அடுக்கியிருந்தன. அவள் கண் அடுப்பின் கடிகாரத்தில் இருந்தது. பச்சை எண்கள். நோன்பு நாளில் மின்சாரத்தைத் தொடக் கூடாது என்பதால் அதை அணைக்கவும் முடியாது. பிரைனா பாத்திரம் துடைக்கும் துண்டை எடுத்து அதன் மேல் தொங்கவிட்டாள். பிறகு எதிரில் உட்கார்ந்தாள்.

"நீங்கதானே சொல்லிக் குடுத்தீங்க," என்றாள் தெமீமா.

"ஆமா. உனக்கு அது தப்பான பாடம். நான் யோசிச்சிருக்கணும். மன்னிச்சிடு."

"மன்னிச்சேன், மன்னிச்சேன், மன்னிச்சேன்." மூன்று முறை, பள்ளித் தாழ்வாரத்தில் சொல்வது போல வேகமாக. "முடிஞ்சுதா? கிளம்பறீங்களா?"

"இல்ல."

"ஊரே பட்டினி கிடக்குது. நான் மட்டும் முட்டை முழுங்கணும். எதிர்ல உக்காந்து பாக்கறதுக்கு ஒரு டீச்சர் வேற."

"ம்."

தெமீமா அவளையே பார்த்தாள். ஒல்லியான முகத்தில் கண்கள் மட்டும் பெரியவை, எதையும் விடாதவை.

"நீங்களும்தான் சாப்பிடறதில்ல. வெளில எடுப்பீங்க, பாப்பீங்க, பைல வெப்பீங்க, குப்பைல போடுவீங்க. டீச்சர்ஸ் ரூம் கதவுல கண்ணாடி இருக்கு, மிஸஸ் பெர்லோ. நான் அதுல எக்ஸ்பர்ட். வெளில எடுக்கறதே தேவையில்ல, தெரியுமா? நேரா போட்டுடலாம்."

பிரைனாவிடம் டீச்சராக ஒரு பதில் இருந்தது. அதை விட்டுவிட்டாள்.

"எனக்குப் பசிக்கல," என்றாள்.

"எனக்கும்தான்."

மாடியில் யாரோ நடக்கும் சத்தம் கேட்டது, நின்றது.

"நாளைக்குச் சாப்பிடுவீங்களா?" என்றாள் தெமீமா. "பசிக்காட்டியும்?"

"பசிக்காம எப்படிச் சாப்பிடறதுன்னு எனக்குத் தெரியல. அதைச் சொல்லிக் குடுக்கற டீச்சர் நான். ஆனா தெரியல." பிரைனாவின் குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. "ஆஸ்பத்திரில உனக்குச் சொல்லிக் குடுத்திருப்பாங்க. காட்டு."

தெமீமா உதட்டைக் கடித்தாள். துண்டு தொங்கிய அடுப்பைப் பார்த்தாள். பிறகு எழுந்து தொட்டியில் சடங்குப்படி கைகளைக் கழுவினாள், வலதில் தண்ணீர், இடதில் தண்ணீர். உட்கார்ந்து ரொட்டிக்கான ஆசியைச் சொன்னாள். பிரைனா "ஆமென்" என்றாள்.

"முதல் வாய்தான் மோசம்," என்றாள் தெமீமா ரொட்டியை மென்றபடி. "காகிதம் மாதிரி இருக்கும். ருசியைத் தேடக் கூடாது. தேடினா போச்சு. சும்மா மெல்லணும்."

"சரி."

"யாராவது 'சபாஷ்'னா எனக்குக் கொலைவெறி வரும்."

"சொல்லல."

ரொட்டி தீர்ந்தது. பணியாரம் தீர்ந்தது. எவ்வளவு நேரம் ஆயிற்று என்று இரண்டு பேருக்கும் தெரியாது. ஜன்னல் வெளிச்சம் மேசையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்குப் போயிருந்தது. தட்டில் முட்டை மட்டும் இருந்தது.

"போதும்ல?"

"முட்டையும்," என்றாள் பிரைனா.

தெமீமா அவளை முறைத்தாள். முட்டையைக் கையில் எடுத்து ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கடித்தாள். மென்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது, விழவில்லை. மிச்சத்தையும் வாயில் போட்டு விழுங்கினாள். கப்புக் கோபுரத்தை விரலால் தள்ளினாள். அது சத்தமில்லாமல் சரிந்து மேசையில் உருண்டது. பிரைனா பொறுக்கி எடுத்துத் தொட்டிக்கு அடியில் இருந்த குப்பையில் போட்டாள்.

மறுநாள் மதியம் ஆசிரியைகள் அறையில் கானர் நோன்புக் கதை சொல்லிக்கொண்டிருந்தாள். பிரைனா சாண்ட்விச்சை வெளியே எடுத்தாள். பார்த்தாள். கதவின் கண்ணாடிக்கு அப்பால் தெமீமா நின்றிருந்தாள். தண்ணீர் குடிக்கப் போகிறவள் போல நின்றாள், ஆனால் குழாய் இருப்பது அந்தப் பக்கம் அல்ல. அவள் கையில் கடித்த ஆப்பிள் ஒன்று இருந்தது.

பிரைனா கைகழுவி, ஆசி சொல்லி, ஒரு வாய் கடித்தாள். காகிதம்தான். ருசியைத் தேடாமல் மென்றாள்.

"என்னடி இது, குப்பைத் தொட்டிக்கு நோன்பா இன்னிக்கு?" என்றாள் கானர்.

பிரைனா வாயில் இருந்ததை விழுங்கினாள். அடுத்த வாயைக் கடித்தாள். கண்ணாடிக்கு அப்பால் ஆப்பிளும் இன்னொரு முறை கடிபட்டது.