இரண்டு நீலக் கோடுகள்

என் முனைவர் பட்டத்தில் பாதி பொய். அந்தப் பொய்யைக் காப்பாற்றிக்கொள்ள, ஜமீலா என்ற பெண்ணின் ஆராய்ச்சியைக் கெடுத்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும்... சொல்லவில்லை!

நான் உருகி உருக்குலைந்து கிடப்பதாக நீங்கள் நினைக்க வேண்டாம். வயிறார உண்கிறேன், நிம்மதியாக உறங்குகிறேன். நல்ல கணவர், கல்லூரி வேலை, மொட்டை மாடியில் மல்லிகைத் தொட்டிகள். எனக்கொரு குறையும் இல்லை. அதுதான் உறுத்துகிறது.

எழுபதுகளின் கடைசி அது. மீன் தசையிலுள்ள பார்வால்புமின் என்ற சின்னஞ்சிறு புரதம்தான் என் ஆய்வுப் பொருள். தசை சுருங்கக் கால்சியம் வேண்டும். அது விலகினால்தான் தசை தளரும். அந்தக் கால்சியத்தைச் சட்டென்று பிடித்து வைத்துக்கொள்வது இந்தப் புரதம். மீன் அத்தனை வேகமாக வாலை அடுத்தடுத்து அடிப்பது இதன் தயவில்தான். எவ்வளவு அழகான ஏற்பாடு! இன்று வகுப்பில் சொல்லும்போதும் எனக்கு உற்சாகம் வந்துவிடும்.

மாதம் இருமுறை ரயிலேறிப் பொன்னேரி, பேருந்தில் பழவேற்காடு, படகில் அக்கரை, அங்கிருந்து லைட்ஹவுஸ் குப்பம். ஆஹா, அந்தப் படகுப் பயணத்துக்காகவே இன்னொரு பட்டம் வாங்கலாம்! கரையில் மீன் விற்கும் கன்னியம்மா அக்காவிடம் ஆறு மீன் கொண்ட ஒரு கூறு மடவை வாங்கி, ஐஸ் பெட்டியில் போட்டுக்கொண்டு திரும்புவேன்.

ஆறு மீன்களின் சதையையும் ஒன்றாக அரைத்து, புரதத்தைப் பிரித்து, ஜெல்லில் ஓடவிட்டுச் சாயமேற்றினேன். ஒரு வகைப் புரதத்துக்கு ஒரு கோடு விழும். இரண்டு நீலக் கோடுகள்! ஒரே மீனுக்குள் இரண்டு விதப் பார்வால்புமின்! என் வழிகாட்டிப் பேராசிரியர் துள்ளிக் குதித்தார். ஆய்வேடு முழுவதும் அந்த இரண்டு கோடுகளின் மேல்தான் நின்றது.

தட்டச்சு முடிந்து பைண்டிங்குக்குப் போகவிருந்த வாரம் மறுபடியும் குப்பத்துக்குப் போனேன். ஆய்வுக்கல்ல, குழம்புக்கு. "எல்லாம் மடவைதானேக்கா?" என்று விளையாட்டாகக் கேட்டேன்.

அக்கா சிரித்துவிட்டாள். "இன்னா பாப்பா, ரெண்டு வருசமா வாங்கினு போற, இதுகூடத் தெரியாதா? இத பாரு, கண்ணு மேல சவ்வு மூடினு கீது, இதான் மடவை. அதுக்கு சவ்வு இல்ல, அது வேற மீனு. வெளியூர்க்காரங்களுக்கு ரெண்டும் மடவைதான்."

"அப்புறம் ஏன்க்கா ஒரே கூறுல வெச்சீங்க?"

"கூறுன்னா அளவு பாத்துதான் வெப்போம், ஜாதி பாத்தா வெப்போம்? நீ சொல்லியிருந்தா பொறுக்கிக் குடுத்திருப்பேனே!"

கேட்கவேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லையே! மறுநாள் இரண்டு மீன்களையும் தனித்தனியே அரைத்துப் பார்த்தேன். அதற்கொரு கோடு, இதற்கொரு கோடு. ஜெல்லைச் சுருட்டிக் குப்பையில் போட்டேன்.

ஏன்? ஆய்வேடு ஐந்து பிரதிகள் தட்டச்சாகிவிட்டது, தையில் கல்யாணம்... இவையெல்லாம் ஒரு காரணமா? பயம்! வேறொன்றுமில்லை.

எனக்குப் பட்டம் கிடைத்தது. அதே துறையில் வேலையும் கிடைத்தது. இரண்டு வருடம் கழித்து ஜமீலா வந்து சேர்ந்தாள். பழவேற்காட்டுப் பெண். என் கண்டுபிடிப்பை மேலே கொண்டுபோகும் பொறுப்பைப் பேராசிரியர் அவளிடம் கொடுத்தார். மீனை அவள் அத்தா என்றழைக்கும் அவளுடைய அப்பாவே பொறுக்கிக் கொண்டுவந்து தருவார். ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கோடுதான் வந்தது. "உனக்குக் கை சுத்தமில்லை" என்று பேராசிரியர் எல்லோர் முன்னாலும் திட்டினார்.

"அக்கா, நான் எங்க தப்பு பண்றேன்? ஒரே ஒரு தடவ வந்து பாருங்களேன்" என்று என்னிடம் கெஞ்சினாள்.

போய்ப் பார்த்தேன். தட்டில் ஆறு மீன்கள். ஆறின் கண்மேலும் சவ்வு. மீன் தெரிந்த வீட்டுப் பெண் அவள். அவள் செய்ததுதான் சரி!

"இன்னும் கொஞ்சம் கவனமா பண்ணு" என்றேன்.

ஆமாம், அப்படித்தான் சொன்னேன். என் நாக்குதான் அது. அந்த வருடக் கடைசியில் ஜமீலா ஆராய்ச்சியை விட்டுப் போனாள்.

சில வருடங்களுக்குப் பிறகு பொன்னேரி ரயில் நிலையத்தில், ஒயர்கூடையோடு ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். பள்ளிக்கூடத்தில் அறிவியல் டீச்சராம், இரண்டு குழந்தைகளாம். முகமெல்லாம் சிரிப்பு. "பசங்களுக்கு உங்க ரெண்டு கோட்டப் பத்திச் சொல்லுவேன்க்கா. எனக்குத்தான் கை வரல."

வண்டி வரக் கால்மணி நேரம் இருந்தது. நேரமில்லை என்று உங்களிடம் நான் பொய் சொல்ல முடியாது. மழையைப் பற்றிப் பேசினேன். குழந்தைகளின் பெயரைக் கேட்டேன். வண்டி வந்ததும் கூடையிலிருந்த மீனில் பாதியை என் பையில் போட்டாள். "அத்தா பொறுக்கினதுக்கா, நம்பிச் சாப்புடுங்க."

வீட்டுக்கு வந்து பையைக் கவிழ்த்தேன். ஆறு மடவைகள். ஒவ்வொன்றின் கண்ணையும் விரலால் தொட்டுப் பார்த்தேன்... ஆறிலும் சவ்வு இருந்தது.

குழம்பு வைத்தேன். கணவர் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். நானும்தான்.