தாள் கேட்கிறது

உனைசிக்கு ஐம்பத்து நாலு வயது. அதில் நாற்பத்து நாலு வருஷமாக, கூடப் பிறந்த அண்ணன் எமோசியிடம் அவள் நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டை ஒன்றும் கிடையாது. தங்கைக்குப் பத்து வயது ஆனதும் அண்ணன் தங்கை பேச்சு நின்றுவிடும். ஒரே பாயில் உட்கார மாட்டார்கள், ஒருவர் பேரை ஒருவர் சொல்ல மாட்டார்கள். அந்தத் தீவின் கரையோர ஊர்களில் மரியாதை என்றால் அதுதான். அவளும் அப்படித்தான் வளர்ந்தாள்.

பேச்சுதான் இல்லையே தவிர, சேதி போய்க்கொண்டுதான் இருந்தது. அண்ணி கெலேரா இருந்தவரை இரண்டு வீட்டுக்கும் நடுவே அவள் நடந்துகொண்டே இருப்பாள். "உங்க அண்ணன் உன் இருமல் சத்தத்தைக் கேட்டாராம். எலுமிச்சை இலைத் தண்ணி வச்சுக் குடிக்கச் சொன்னாரு." இப்படி ஏதாவது ஒன்று தினமும் வரும். போன ஈஸ்டருக்கு முந்தின ஈஸ்டரில் கர்த்தர் கெலேராவை அழைத்துக்கொண்டார். அண்ணன் பிள்ளைகள் தலைநகர் சுவாவில். அதற்கப்புறம் அந்த நடைபாதையில் புல் முளைத்துவிட்டது.

உனைசியின் வீட்டுக்காரர் வைசாலே இருக்கிறாரே என்றால், அவர் எமோசிக்கு மச்சான். மச்சான்கள் கண்டால் கேலி பேசியே ஆக வேண்டும். எந்தச் சேதியைக் கொடுத்து அனுப்பினாலும் அது அவர் வாயில் கேலியாகத்தான் போய்ச் சேரும்.

உனைசி எட்டாவதோடு படிப்பை நிறுத்தியவள். ஆனாலும் ஊருக்கு அவள்தான் சுகாதாரப் பணியாளர். ஆறு வாரம் பயிற்சி எடுத்திருந்தாள். ஒரு மருந்துப் பெட்டி, ஒரு பிரஷர் மெஷின், சர்க்கரை பார்க்கிற சின்ன மெஷின் ஒன்று. ஊரில் எல்லார் விரலையும் குத்திப் பார்த்திருக்கிறாள், ஒருவர் விரலைத் தவிர.

அந்த வருஷம் ஜனவரியிலிருந்து எமோசி ஒரு காலுக்கு மட்டும் சாக்ஸ் போட்டுக்கொண்டு ஆலயத்துக்கு வந்தார்.

"என்ன மச்சான், ஒரு கால் மட்டும்தான் ரட்சிக்கப்பட்டுச்சா?" என்றார் வைசாலே, வாசலில் எல்லார் முன்னாலும்.

"ரெண்டும் ரட்சிக்கப்பட்டா அப்புறம் உன் பக்கத்துல உக்கார முடியாதே, மச்சான்."

சனம் சிரித்தது. பெண்கள் வரிசையில் இருந்த உனைசிக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த சாக்ஸின் நுனி ஈரமாக இருந்தது. அதில் ஒரு ஈ உட்கார்ந்தது. அண்ணனுக்கு அது தெரியவே இல்லை. பக்கத்து ஊரில் சர்க்கரை வியாதிக்காரர் ஒருவருக்கு இப்படித்தான் விரலில் ஆரம்பித்து முழங்கால் வரை எடுத்தார்கள்.

அன்று சாயங்காலமே காலைப் பற்றிக் கேட்டு வர வைசாலேயை அனுப்பினாள். திரும்பி வந்து, "கேட்டேன். 'உன் மூக்கு எப்படியிருக்குன்னு முதல்ல பாரு'ன்னான்," என்றார்.

'கர்த்தாவே, எனக்கு வாய் வேண்டாம், ஒரு வழி மட்டும் காட்டும்' என்று அவள் தினமும் ஜெபித்தாள்.

ஜூன் மாதம் வெரலின் வந்தாள். சாலமன் தீவுப் பெண், சுவாவில் பொதுச் சுகாதாரம் படிக்கிறவள். படிப்பில் ஆறு வாரம் களப்பயிற்சி என்று ஒன்று உண்டு. ஒவ்வொரு வருஷமும் கல்லூரி யாரையாவது அனுப்பும், அவர்கள் உனைசி வீட்டில்தான் தங்குவார்கள். நாற்பது வீட்டுக்கும் போய், வீட்டுக்கு ஒரு கேள்வித்தாள் நிரப்ப வேண்டும். ஊர்த் தலைவரின் மகள் கூடப் போய், ஆங்கிலக் கேள்விகளை ஊர்ப் பேச்சில் மாற்றி மொழி சொன்னாள்.

இரண்டாம் வாரம், தேங்காய் துருவிக்கொண்டே உனைசி எமோசியின் தாளைப் பார்த்தாள். எல்லாவற்றுக்கும் 'இல்லை'.

"சிரிச்சுக்கிட்டே சொன்னாரு, ஆன்ட்டி. தாகம் இல்ல, புண் இல்ல. எனக்கு ஒரு இளநீகூட வெட்டித் தந்தாரு."

"காலைப் பாத்தியா?"

"சாக்ஸ் போட்டிருந்தாரே." வெரலின் அவள் முகத்தைப் பார்த்தாள். "தப்பா எழுதிட்டேனா?"

உனைசி துருவுவதை நிறுத்தவில்லை. "அவரு எனக்குக் கூடப் பிறந்தவரு," என்று மட்டும் சொன்னாள்.

வெரலின் தாளை மடித்தாள். "எங்க ஊரு மலைட்டாவுலயும் அப்படித்தான். என் அண்ணன் வந்தா நான் எந்திரிச்சு வெளிய போயிடுவேன்." அப்புறம் மெதுவாக, "சந்தேகம் வந்தா அதே வீட்டுக்கு ரெண்டாவது தடவை போகணும்னு எங்க மேடம் சொல்லியிருக்காங்க. தலைவர் மக நெட்பால் ஆட லம்பாசா டவுனுக்குப் போயிட்டா. எனக்கு மொழி சொல்ல ஆள் இல்ல, ஆன்ட்டி. மொழி சொல்றது பேசுறதுல சேருமா?"

"தெரியல, பாப்பா. நான் ஜெபம் பண்ணிட்டுச் சொல்றேன்."

மறுநாள் காலை இருவரும் போனார்கள். வெரலின் உள்ளே பாயில் உட்கார்ந்தாள், எதிரே எமோசி. உனைசி வாசல்படியில், வீட்டுக்கு முதுகைக் காட்டி, கடலைப் பார்த்து உட்கார்ந்தாள். உள்ளே பேச்சு அப்படியே நின்றது. அவர் எழுந்து போய்விடுவாரோ என்று அவள் பாய்ச் சத்தத்தையே கவனித்தாள்.

வெரலின் முதல் கேள்வியை ஆங்கிலத்தில் வாசித்தாள்.

உனைசி தொண்டையைச் செருமினாள். "தாள் கேக்குது. ராத்திரியில தாகம் எடுக்குதான்னு."

நெடுநேரம் கழித்து முதுகுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. சிறு வயதில் அவளிடம் பேசின குரல் இல்லை. கரகரத்து, அப்பா குரல் மாதிரி ஆகியிருந்தது.

"தாளுக்குச் சொல்லு. எடுக்குது." உனைசி அதை ஆங்கிலத்தில் சொல்ல, வெரலின் எழுதிக்கொண்டாள்.

"தாள் கேக்குது. யார்கூடச் சாப்பிடுறாங்கன்னு."

"தாளுக்குச் சொல்லு. யாரும் இல்ல. சுவரைப் பாத்துச் சாப்பிடுறேன்."

"கால்ல புண் இருக்கான்னு."

"இல்ல."

வெரலின் பக்கத்தைத் திருப்பினாள். உனைசி அடுத்த கேள்விக்குக் காத்திருக்கவில்லை.

"தாள் கேக்குது. எப்பவாவது யார் புண்ணையாவது உப்புத் தண்ணியில கழுவிவிட்டது உண்டான்னு."

வெரலின் தாளைப் பார்த்தாள், வாசலைப் பார்த்தாள்.

உள்ளே பாய் சரசரத்தது. "ஒரு தடவை. ஓடை கடல்ல சேர்ற இடத்துல. ஒரு சின்னப் பிள்ளை சிப்பியை மிதிச்சிடுச்சு. கழுவிவிட்டு முதுகுல தூக்கிக்கிட்டு வந்தேன். வீடு வர்றவரைக்கும் அழுதுச்சு." நிறுத்தினார். "தழும்பு இருக்கான்னு தாளைக் கேளு."

"இருக்கு," என்றாள் உனைசி. தன் உள்ளங்காலைத் தொட்டுக்கொண்டாள். "தாள் சொல்லுது, அந்தப் பிள்ளை வலிக்குதுன்னு மறைக்கல. காலை நீட்டிக் காட்டுச்சு. நீங்களும் காட்டணுமாம்."

சாக்ஸ் கழலும் சத்தம் கேட்டது. அப்புறம் வாடை வந்தது. வெரலின் மூச்சைப் பிடித்துக்கொண்டதும் கேட்டது.

"ரெண்டு விரல் கறுத்திருக்கு, ஆன்ட்டி. இன்னைக்கே போகணும்."

"தாள் சொல்லுது, இன்னைக்கே படகு ஏறணும்னு."

"தாளுக்குச் சொல்லு, சரி."

உனைசி திரும்பிப் பார்க்கவில்லை. எழுந்து போய் வைசாலேயிடம் படகைத் தள்ளச் சொன்னாள்.

சவுசவு நகர ஆஸ்பத்திரியில் இரண்டு விரலை எடுத்தார்கள். கால் தப்பியது. அவர் திரும்பி வருவதற்குள் வெரலினின் ஆறு வாரம் முடிந்து, அவள் நாற்பது தாள்களையும் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். போகும்போது, "அந்தக் கேள்வி என் தாள்ல எங்க தேடியும் கிடைக்கல, ஆன்ட்டி," என்று சொல்லி உனைசியைக் கட்டிக்கொண்டாள்.

அண்ணன் தங்கைக்குள் மறுபடியும் பேச்சில்லை. உனைசி தினமும் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவைப்பாள், சுத்தத் துணி மடித்துக் கொடுப்பாள், வைசாலே கொண்டுபோய்க் கட்டுவார். புண் ஆறின பிறகும் அவர் சாயங்காலம் போய்க் காலைப் பார்த்துவிட்டு வருவார். அண்ணனின் அந்தக் குரல் மட்டும் அவள் காதில் இருந்தது. பாத்திரம் கழுவும்போது, மணி அடித்து ஆலயத்துக்கு நடக்கும்போது, அவளையறியாமல் அடுத்த தாள் கேட்க வேண்டிய கேள்விகளைச் சேர்த்துக்கொண்டிருந்தாள். கெலேரா கடைசியில் என்ன சொன்னாள்? அப்பாவின் மீன்வலை யாரிடம்? முழங்கால் வலி எப்படி?

அடுத்த ஜூன் வந்தது. சுகாதார நிலையத்து நர்ஸ் சொல்லிவிட்டாள், இந்த வருஷம் கல்லூரிப் பிள்ளைகளை வேறு தீவுக்கு அனுப்புகிறார்களாம்.

அன்று வைசாலே அண்ணன் வீட்டிலிருந்து வந்து வாசலிலேயே நின்றார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"தாள் பிள்ளைங்க எப்ப வருவாங்கன்னு கேக்குறான். போன தடவை பாதியிலேயே படகு ஏத்திட்டீங்களாம். அவன் பதில் சொல்லாத பக்கம் இன்னும் இருக்காம்."

உனைசி மடித்த துணியை மறுபடி பிரித்தாள். "இந்த வருஷம் இல்லன்னு சொல்லுங்க."

அவர் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்.

"என்ன சொன்னாரு?"

"'சரி, அடுத்த வருஷம் வரட்டும், நான் எங்க போகப் போறேன்'ன்னான்."