நஞ்சப்பாவின் தூண்டில்

லாஃப்டைக் காலி செய்யப் போய் நேற்று முதுகு பிடித்துக்கொண்டது. அதுகூடப் பரவாயில்லை. பழைய பிஸ்கட் டப்பா ஒன்றைத் திறந்திருக்கக் கூடாது. தூண்டில் முட்களுக்கு நடுவே காய்ந்துபோன ராகிக் களி உருண்டை கிடந்தது. நீங்கள் மீன் பிடித்ததுண்டோ இல்லையோ, எங்கள் பக்கத்துக் கெண்டை மண்புழுவைவிடக் களிக்குத்தான் வாய் திறக்கும். ஊர்க்காரர்களும் அப்படித்தான்.

டப்பாவுக்குப் பின்னால் இரண்டு தூண்டில்கள். ஒன்று என்னுடையது, மற்றது நஞ்சப்பாவுடையது.

நஞ்சப்பா கம்பெனி டூல்ரூமில் என் சீனியர். வீட்டில் கன்னடம், சந்தையில் தெலுங்கு, என்னிடம் தமிழ். சிங்காரப்பேட்டையிலிருந்து ட்ரெய்னியாக வந்த புதிதில், லீவு நாளில் ரூமில் மல்லாந்து கிடப்பேன். பரிதாபப்பட்டு ஆற்றுக்குக் கூட்டிப்போனார். அன்றைக்கென்று ஜிலேபிக் கெண்டை மேல் கெண்டையாக மாட்டியது. "சாக்கு, சாக்கு" என்றார். நான் ஓடிப்போய், பக்கத்து மாட்டுக்கொட்டகையில் கெஞ்சிக் கூத்தாடி ஒரு கோணிச் சாக்கு வாங்கிவந்தேன். கன்னடத்தில் சாக்கு என்றால் 'போதும்' என்று அப்புறம்தான் தெரிந்தது. மறுநாள் கேன்டீன் வரைக்கும் எனக்குச் சாக்கு என்றே பெயர். ரோஷம் வரவில்லை. வைத்துக் கூப்பிட ஒரு பெயராவது கிடைத்ததே என்று சந்தோஷமாக இருந்தது.

பிறகு கழிவு கலந்து ஆறு கெட்டது. காற்றடித்தால் நுரை ரோட்டுக்குப் பறந்து வந்து சட்டையில் ஒட்டும். பிடித்த மீனை வீட்டில் சேர்க்கமாட்டார்கள். ஆனாலும் மூக்கைப் பொத்திக்கொண்டு கொஞ்ச காலம் இருவரும் கரையில் போய் உட்கார்ந்திருந்தோம். கம்பெனி ஆட்களைக் குறைத்தபோது நஞ்சப்பா பெங்களூருக்கு மகன் வீட்டோடு போய்விட்டார். தண்ணீர் தெளிந்ததும் வருகிறேன், அதுவரை வைத்திரு என்று தூண்டிலை என்னிடம் கொடுத்தார். அது லாஃப்டில் இருக்கும்வரை அவர் ஒருநாள் வந்துவிடுவார் என்று நம்பினேன். முட்டாள்தனம்தான்.

"எத்தினி வருசம் இத வச்சினு இருப்பீங்க? யாருக்காச்சும் குடுத்துடலாமான்னு அவரையே கேளுங்க" என்றாள் மனைவி.

போன் போட்டேன். குடுக்காதே, வர்றேன் என்று சொல்லிவிடமாட்டாரா என்றுதான் ஆசை. நலம் விசாரித்தேன், மழையைப் பற்றிப் பேசினேன், கடைசியில்தான் விஷயத்துக்கு வந்தேன்.

"யாருக்காச்சும் குடுத்துடுப்பா. போன வருசமே வலது பக்கம் வாதம் வந்துருச்சு. கை தூக்க வரல. உங்கிட்ட சொல்லல, விடு."

தெருவில் வந்த பழைய இரும்புக்காரரிடம் நஞ்சப்பாவின் தூண்டிலைக் கொடுத்தேன். அவர் ரீலை மட்டும் கழற்றிக்கொண்டு, கம்பு வேண்டாம் என்று வாசல் கேட் ஓரம் சாய்த்துவிட்டுப் போனார். கம்பை உள்ளே எடுத்து வரவும் மனமில்லை, தூக்கிப் போடவும் மனமில்லை.

ஆறு செத்தபோது பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். அவர் கை போனது எனக்குத் தெரியவே இல்லை.